பேசும் பச்சத்தண்ணி

இதனால் திருவொற்றியூர் குப்பத்து மக்கள், அவர்தம் விருந்தினர், காக்கைகள், பூனைகள் ஆகிய சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: இன்று காலை, என் நண்பன் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நிற்கும் அகன்ற வாய் பாட்டில் பச்சையாகிவிட்டது. இளம்பச்சை என்று சொல்லிச் சமாளிக்கிற பச்சை இல்லை. பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியாத பச்சை. மேற்படிச் செய்திக்காக எந்தப் பத்திரிகையும் முதல் பக்கத்தை ஒதுக்கவில்லை. யாரும் பட்டாசு வெடிக்கவில்லை. துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஊதியது. அது வேறு விஷயத்துக்காக இருக்கலாம்.

மூடியைத் திறந்தேன். அந்த வாசனை வந்தது, மச்சி. கழுவி வைத்த கீரைக்கட்டும், மழை விட்ட மறுநாள் சுவரும் சேர்ந்த வாசனை. நம் ஊர்க் காற்று என்றைக்குமே வெறுங்கையோடு வந்ததில்லை. தெற்கிலிருந்து அடித்தால் காசிமேட்டு மீனைக் கொண்டுவரும், மேற்கிலிருந்து அடித்தால் மணலியிலிருந்து பெயர் தெரியாத ஒன்றைக் கொண்டுவரும். அத்தனைக்கும் நடுவில் இது தனியாகத் தெரிந்தது. அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். இந்தச் செய்தியை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பச்சை தானாக வரவில்லை. செத்துப்போக இருந்த உன் பாசியை உயிரோடு மீட்டவன் அடியேன். அறிவியல் உலகம் இன்னும் இதைக் கவனிக்கவில்லை. கவனிக்கும்போது கவனிக்கட்டும். நீ கேள்.

எல்லாம் ஆரம்பித்தது என் வாயால்தான். பத்தாம் வகுப்பில் வரலாற்று ஆசிரியர், "பாசிசம் என்றால் என்ன?" என்று கேட்டார். எழுந்து நின்று, "பாசி வளர்க்கும் கொள்கை, சார்" என்றேன். அவரைத் தவிர வகுப்பே சிரித்தது. வெளியே போய் நின்றேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், கடைசிக்கு முந்தின பெஞ்சில் நீ மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, தோள் குலுங்க, மூச்சு வாங்க வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தாய். அதுவரை நாம் பேசிக்கொண்டதே இல்லை. மணி அடித்ததும் நேராக என்னிடம் வந்தாய்.

"டேய், நெஜமாவே பாசி வளக்கலாமா?"

"அத்த எதுக்குடா வளக்கணும்? எங்க வூட்டு பாத்ரூமுக்கு வா, காட்றேன். வழுக்கி வுழுந்தா நான் பொறுப்பில்ல."

"அது இல்லடா. இது கண்ணுக்கே தெரியாது. ஒண்ணொண்ணும் ஒரே ஒரு செல்லு. எங்க மாமாகிட்ட கீது."

"எங்க மாமாகிட்ட கூட செல்லு கீது. ரெண்டு சிம்மு."

நீ சிரிக்கவில்லை. மொக்கை ஜோக்குக்கு மூச்சு வாங்கச் சிரிக்கிறவன், நல்ல ஜோக்குக்கு முறைக்கிறான் என்றால், இவனை விடக்கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

உன் மாமா கொளத்தூரில் சிமெண்டுத் தொட்டி கட்டி அழகு மீன் வளர்ப்பவர். பொரிந்த குஞ்சுகளுக்கு நேரடித் தீனி போட முடியாது, வாய் அவ்வளவு சின்னது. அதனால் முதலில் தண்ணீரில் நுண்பாசியை வளர்ப்பார். அந்தப் பச்சை நீரில்தான் குஞ்சுகளுக்கான ஆகாரம் உண்டாகும். தொட்டிக்காரர்கள் அதைச் சொல்வது 'பச்சத்தண்ணி' என்று. நாம் அங்கே போனபோது என்னிடம் "பச்சத்தண்ணி வேணுமா?" என்று கேட்டார்கள். வெயிலில் வந்த களைப்பு, "குடுங்கண்ணே" என்று கையை நீட்டினேன். பாட்டிலைப் பார்த்ததும் தாகம் போய்விட்டது. திரும்பி வருகிற பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு நீ சொன்னாய்: "அப்பா கடல்ல மீன் புடிக்கிறாரு. மாமா தொட்டில மீன் வளக்குறாரு. நான் தண்ணியில தண்ணி வளக்கப்போறேன்டா."

பிறந்ததிலிருந்தே உன் இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை. படி ஏறினால் உதடு நீலம் பூக்கும். ஆகவே வேலைப் பிரிவினை சண்டையில்லாமல் முடிந்தது: மூளை உன்னுடையது, முதுகு என்னுடையது. நான் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு தடதடவென்று ஏறுவேன். நீ படிக்கு ஒரு தரம் உட்கார்ந்து, போகிற வருகிற கப்பலையெல்லாம் வேடிக்கை பார்த்தபடி, ஏதோ விருப்பப்பட்டுத்தான் மெதுவாக வருகிற மாதிரி வருவாய். உட்காருவது மூச்சுக்காக என்று நானும் சொன்னதில்லை, நீயும் சொன்னதில்லை.

முதலில் நம் பாசி நம்மை மதிக்கவே இல்லை. கொஞ்சம் பச்சை நீரைப் பெரிய பாட்டில் நிறையப் புதுத் தண்ணீரில் விட்டோம். உரம் போட்டாயிற்று, வெயில் இருக்கிறது, பம்பு காற்றை ஊதுகிறது. பாட்டில் மட்டும் தினமும் தெளிவாகவே நின்றது. நான் செத்துவிட்டது என்றேன். நீ இல்லை என்றாய்.

"புது ஸ்கூல்ல சேந்த பையன் மாரி கீதுடா. யார்னா நம்மளாண்ட பேசுவாங்களான்னு பாத்துகினு நிக்கிது."

இப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிற ஆளா நீ? நன்றாக வளர்ந்துகொண்டிருக்கிற வேறொரு பாட்டிலிலிருந்து தண்ணீர் எடுத்தாய். பள்ளி ஆய்வகத்து வடிதாளில் வடிகட்டினாய். அது சொட்டுச் சொட்டாக இறங்கும். வடிந்ததை மறுபடி வடிகட்டினாய். எனக்குத் தூக்கமே வந்துவிட்டது. கடைசியில் கிடைத்தது கண்ணாடி மாதிரி தண்ணீர். பாசி கிடையாது, பாசி இருந்த தண்ணீர். "இதுக்கா இவ்ளோ நேரம்? பச்சத்தண்ணில இருந்து பச்சைய எடுத்தா மிச்சம் பச்சத்தண்ணி. இத்த கொழாயிலயே புடிச்சிருக்கலாமேடா" என்றேன். நீ அதைத் தூங்குமூஞ்சிப் பாட்டிலில் ஊற்றினாய். பக்கத்தில் அதேபோல் இன்னொரு பாட்டில்; உரம், வெயில், காற்று எல்லாம் சமம், வடிகட்டிய தண்ணீர் மட்டும் கிடையாது. வாரம் முடிவதற்குள் முதல் பாட்டில் விரலை மறைத்தது. இரண்டாவது அப்போதும் யோசித்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு நீ மாடியில் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது: "வார்த்தைய தண்ணியில வுட்டுட்டு வச்சிருக்குதுங்கடா."

வாயில்லை, காதில்லை, மூளையில்லை. ஆனால் ஒவ்வொரு செல்லும் தன்னிலிருந்து ஏதேதோ வேதிப்பொருளைத் தண்ணீரில் கசியவிடுகிறது. மற்றவை அதை உணர்கின்றன. நம்மவர் எத்தனை பேர் இருக்கிறார்கள், வளரலாமா, நிறுத்தலாமா என்று அதை வைத்து முடிவுக்கு வருகின்றன. சில வகைப் பாசியில் அடிபட்ட செல் கசியவிடும் பொருளே பக்கத்தில் இருப்பவற்றுக்கு எச்சரிக்கை ஆகிவிடுமாம். கூடவே வாழும் பாக்டீரியாகூட ஒரு பொருளைக் கொடுத்துப் பாசியின் வளர்ச்சியைத் தூண்டலாமாம். அதற்கு "அப்ப அது புரோக்கரு" என்று நான் சொன்னதை நீ ஏற்றுக்கொண்டாய்.

பிறகு நாள்பட்ட பாட்டில் ஒன்று கிடைத்தது. நெரிசல் தாங்காமல் மஞ்சளடிக்கத் தொடங்கிய பாட்டில். அதன் தண்ணீரை வடிகட்டி ஊற்றினால் நேர்மாறு. வளர்ந்துகொண்டிருந்ததும் சுணங்கியது. நீ உரத்தை மாற்றினாய், இடத்தை மாற்றினாய், தலையைப் பிய்த்துக்கொண்டாய். நான்தான் தீர்த்துவைத்தேன், ஞாபகம் இருக்கிறதா?

"கும்மிடிப்பூண்டி லோக்கல் மாரிடா. வண்டி காலியா இருந்தா ஏறுனவன் கைய நீட்டி 'வா வா'ன்னு இஸ்துக்குவான். ஃபுல்லாய்ட்ச்சின்னா அதே ஆளு வாசப்படில நின்னுகினு 'எடமில்ல நைனா, அடுத்த வண்டில வா'ம்பான்."

நீ அதை நோட்டில் எழுதிக்கொண்டாய். "இத்த நான் ஜட்ஜுங்களாண்ட சொல்லிக்கட்டா?"

பதினொன்றாம் வகுப்புக் கண்காட்சியில் சொன்னாய்தான். ஆனால் அதற்கு முன்பே நம் பாசி பேசிவிட்டது. மேசை விரிப்புக்குள் நான் ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரை வைத்திருந்தேன். தலைமையாசிரியர் குனிந்து பாட்டிலை உற்றுப் பார்த்ததும், வாசலில் நின்றபடி போனில் பேசினேன்: "இன்னா நைனா, ஷோக்கா கீறியா? தள்ளி நில்லு, வெயில மறைக்கிற." மனிதர் கண்ணாடி கழன்று விழாத குறை. "யார் பேசினது?" என்றார். இங்கே நீ என்னை மாட்டிவிட்டிருக்கலாம். உன் உழைப்பு அது. கோபப்பட உனக்கு எல்லா உரிமையும் இருந்தது. முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் சொன்னாய்: "மொழிபெயர்ப்பாளர், சார். பாசி பேசுறது கெமிக்கல்ல. நமக்குப் புரியாதுன்னு ஒருத்தர வெச்சிருக்கோம்." பரிசு வேறு பள்ளியின் ராக்கெட்டுக்குப் போனது. திரும்பும் வழியில் ட்ரெய்லர் லாரிகள் வரிசையாக நின்ற சாலையில், அவற்றின் நிழலிலேயே நடந்தோம். "நம்ம பாசி மெட்ராஸ் பாசிதானேடா, அப்டிதான் பேசும்" என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் சிரித்தாய். சிரித்து முடிக்க ஒரு லாரியில் சாய வேண்டியிருந்தது.

மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. மற்றவர்களுக்கு வந்து போகிற காய்ச்சல்தான். உன் இதயத்துக்கு அது கூடுதல் சுமை. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பார்க்க வந்தபோது உன் முதல் கேள்வி, "பாட்டல் எப்டி கீது?" நான், "நீ எப்டி கீற?" நீ, "நான் கேட்டதுக்கு மொதல்ல பதில் சொல்லு." அம்மா பார்த்துக்கொள்கிறார் என்றேன். உண்மையில் மாடிக்கு நான் போகவே இல்லை. நீ இல்லாத மாடியில் எனக்கு என்ன வேலை என்று நினைத்தேன். நீ திரும்பி வருவாய், சேர்ந்து போவோம் என்றுதான் இருந்தேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் காலை உங்கள் வீட்டுக்கு வந்தேன். அம்மா மாடியில் இருக்கிறார் என்றார்கள். ஏறிப் பார்த்தால், அவர், புதுத் தண்ணீருக்கு இடம் விட, அந்தப் பெரிய பாட்டிலிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு துளசித் தொட்டியில் ஊற்றினார். பிறகு லாரித் தண்ணீர் பிடித்து வைத்த குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு பாட்டிலில் ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. பாட்டில் தெளிவாக இருந்தது, மச்சி. பின்னால் கடலே தெரிந்தது.

"இன்னாம்மா பண்றீங்க?"

"அவன் ஆஸ்பத்திரிக்குப் போசொல்ல சொல்ட்டுப் போனான்ப்பா. 'பெரிய பாட்டல்ல டெய்லி ஒரு டம்ளர் பச்சத்தண்ணி ஊத்தும்மா, மறந்துடாத'ன்னான். ஒரு நாள் கூட வுடல."

பெரிய பாட்டிலுக்கு ஊற்றவென்று நீ பக்கத்தில் அடர்பச்சையாக வளர்த்து வைத்திருந்த சின்ன பாட்டிலைத் தேடினேன். அதில் இருந்த பச்சத்தண்ணியைத்தானே நீ சொன்னாய்? அது கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது, பளபளவென்று. "அதுவா? ஒரே கலீஜா வாடை வந்துச்சி. தேச்சி கவுத்துட்டேன்."

உன்மேல் எனக்குக் கோபமே வந்தது. கொளத்தூர் பாஷையை உன் அம்மாவிடம் பேசினால்? பச்சத்தண்ணி என்றால் இந்த ஊரில் யாருக்குமே பச்சைத் தண்ணீர் ஞாபகம் வராது. காய்ச்சாத, ஒன்றும் கலக்காத, சும்மா தண்ணீர்தான். பிள்ளை சொன்ன சொல்லைப் பிசகாமல் காப்பாற்றி, தினமும் ஒரு டம்ளராக, அவனுடைய பாசியை அவர் துளசிக்கு இறைத்துக்கொண்டிருந்தார். ஊற்றிய லாரித் தண்ணீரில் பாசியைக் கொல்லும் குளோரின் வேறு.

"ஏன் நைனா அப்டி பாக்குற? தப்பா ஊத்திகினு கீறனா?"

இதற்கு என்ன பதில் சொல்வாய் நீ?  அவர் கையில் டம்ளர் அப்படியே நின்றது. அந்த ஒரு டம்ளர்தான் அவருடைய காலை என்று தெரிந்தது.

"இல்லம்மா. கரெக்டாதான் கீது."

"அப்ப ஏன் வெள்ளையா பூட்ச்சி?"

"குளுருக்கு அடங்கிக் கெடக்கும்மா. திரும்பி வரும். ஒரே ஒரு மாத்தம். இனிமே வாரத்துக்கு ஒரு டம்ளர் போதும். தண்ணிய ஒரு நாள் மூடாம வெச்சிருந்து ஊத்துங்க."

"அவன் டெய்லின்னானே."

"அது அப்பம்மா. இப்ப அது பெரிசாய்ட்ச்சில்ல."

சரி என்றார். பம்பு அழுக்காக இருக்கிறது, கழுவித் தருகிறேன் என்று சொல்லி, அதன் குழாய் முனையில் காற்றைக் குமிழாக விடும் கல்லை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். அந்தக் கல்லின் துளைகளில் மங்கலாக ஒரு பச்சை ஒட்டியிருந்தது. உன் பாசியில் உலகத்தில் மிச்சம் அவ்வளவுதான்.

கொளத்தூருக்குப் போனால் மாமா வேறு பச்சத்தண்ணி தருவார், தெரியும். அது மாமாவின் பாசி. எனக்கு வேண்டியது உன்னுடையது. கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீரை இரண்டு பாட்டிலில் எடுத்தேன். அளவாக உரம். என் பல் துலக்கும் பிரஷ்ஷால் கல்லைத் தேய்த்து, வந்ததைச் சரிபாதியாக இரண்டிலும் விட்டேன். (இப்போது புது பிரஷ்.) பிறகு எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தேன்.

உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் முழுக்க மீன் என்பதால், நீ வடிகட்டிய தண்ணீர் எங்கள் ஃப்ரிட்ஜில்தானே குடியிருந்தது? ட்ரெய்லர் ஓட்டிவிட்டு வந்த என் அப்பா ஒரு நாள் அதை எடுத்து ஒரு மடக்கு குடித்துவிட்டு, "இன்னாடா இது, கொளத்துல மோந்த தண்ணியா?" என்று துப்பியது நினைவிருக்கும். அதன் மிச்சம், அரை பாட்டில், ஊறுகாய்க்குப் பின்னால் இன்னும் இருந்தது. இத்தனை நாள் குளிரில் கிடந்ததில் வார்த்தை மிச்சமிருக்குமா, மரத்துப் போயிருக்குமா, தெரியாது. நீ போன பிறகும் தீராமல் இருந்த ஒரே பொருள் அது. எடுத்தேன். ஒரு பாட்டிலில் முழுவதையும் ஊற்றினேன். மற்றதில் அதே அளவு வெறும் தண்ணீர்.

பிறகு காத்திருந்தேன். காத்திருப்பது எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். பாட்டிலுக்குப் பின்னால் விரலை வைத்துப் பார்ப்பேன். விரல் தெரியும். "வெரலுக்கு இன்னா, சுளுக்கா?" என்பார் அப்பா. ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்து வைத்துப் பார்த்தேன். விரல் கொஞ்சம் பச்சையாகத் தெரிந்தது. இரண்டில் ஒரு பாட்டில் பச்சை. மற்றது அப்படியே இருந்து, கடைசியில் கெட்டுப்போனது.

அடுத்தது என் வாழ்க்கையின் தலைசிறந்த குறும்பு. மாட்டினால் அடி கிடையாது, மாட்டாவிட்டால் கைதட்டல் கிடையாது. இருமல் மருந்து பாட்டிலில் அந்தப் பச்சையை நிரப்பிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாரா வாரம் உங்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா டீ போட இறங்கும்போது பெரிய பாட்டிலில் கவிழ்த்தேன், உரமும் ஒரு சிட்டிகை. அவர் தன் ஒரு டம்ளரை ஊற்றிக்கொண்டே இருந்தார், நான் என்னுடையதை ஊற்றிக்கொண்டே இருந்தேன். இன்று காலை விரல் மறைந்தது.

நான் படியில் உட்கார்ந்திருந்தபோது அம்மா மேலே வந்தார். பாட்டிலைச் சுற்றி வந்து பார்த்தார். முந்தானையால் அதன் தூசியைத் துடைத்தார்.

"அதுங்க பேசிக்கும், ஒண்ணு சொல்றத கேட்டுதான் இன்னொண்ணு வளரும்னு அவன் சொல்லிகினே இருப்பானே. நான் மீன் ஆய்ஞ்சிகினே 'உம்' கொட்டுவேன். அது நெஜந்தானா? நீ படிக்கிற புள்ள, சொல்லு. என் மனசுக்காவ சொல்லாத."

"நெஜம்மா. நானே செஞ்சி பாத்தேன். அவன் வடிகட்டி வெச்ச தண்ணி ஊத்துனதுலதான் வந்துச்சி. அவன் சொன்னது கரெக்டு."

அவர் தலையை ஆட்டினார்.  "கரெக்டா சொல்லிக்கிறான் பாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். படி இறங்கும்போது திரும்பாமலேயே சொன்னார்:

"அந்த சட்டைய சோடா போட்டு ஊற வைடா. வாரா வாரம் பாக்கெட்டு பச்சையாய்கினே கீது."

குனிந்து பார்த்தேன். வெள்ளைச் சட்டையில் தெளிவாக இருந்தது. என்றைக்குக் கண்டுபிடித்தாரோ தெரியாது. தெரிந்தும் டீ போட இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறார்.

இப்போது உன் மாடியில் வடிதாளை மடித்து வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். புதுப் பச்சையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. எனக்குத் தூக்கம் வரவில்லை, நம்பு. முழுவதும் வடிந்ததும் மறுபடி இரண்டு பாட்டில், மறுபடி சமமாக உரம், மறுபடி விரல். அதான் மீட்டாயிற்றே, அம்மாவிடமும் சொல்லியாயிற்றே, இன்னொரு தரம் எதற்கு என்று கேட்பாய். நீ பக்கத்தில் இருந்திருந்தால் முதல் தரமே போதுமாயிருக்கும். இரண்டும் ஒரே மாதிரி பாட்டில். ஒரே நீல மூடி. வெயிலுக்காக எங்கம்மா இரண்டையும் நகர்த்தி வைத்திருக்கிறாள், துடைக்கும்போது என் அப்பா நகர்த்தியிருக்கிறார், நானே நகர்த்தியிருக்கிறேன். ஒன்று பச்சையானது. அது உன் தண்ணீர் போன பாட்டில்தானா என்று எனக்குத் தெரியாது. எதில் ஊற்றினேன் என்று பாட்டில் மேலே எழுத மறந்துட்டேன், மச்சி.